காலை எட்டரை மணி பாக்ஸ் ஸ்கோர்: கூடைப்பந்து எண்களுக்கு எந்தத் தளம்?

அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு ஏழரைக்குத் தொடங்கும் என்பிஏ (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) ஆட்டம் நமக்குக் காலை 6 மணி. அங்கே கடிகாரத்தை முன்னால் தள்ளி வைத்திருக்கும் மாதங்களில் 5 மணி. எப்படிப் பார்த்தாலும், திருவொற்றியூரிலோ தண்டையார்பேட்டையிலோ எட்டரை மணி ரயிலைப் பிடிப்பதற்குள் ஆட்டம் முடிந்து, யார் எத்தனை எறிந்தார், எத்தனை விழுந்தது, யார் எத்தனை முறை பந்தைத் தொலைத்தார் என்பதெல்லாம் 'பாக்ஸ் ஸ்கோர்' என்ற அட்டவணையாகப் போனுக்கு வந்துவிடும். காசு கிடையாது. என்பிஏவின் லீக் பாஸ் சந்தா ஆட்டத்தைப் பார்க்கத்தான். எண்களைப் பார்க்க அது தேவையில்லை.

இந்த எண்களுக்கு எந்தத் தளத்தை நம்பிப் போகலாம், எங்கே சறுக்கும் என்பதுதான் இந்த விமர்சனம். பெரம்பூர், ஐசிஎஃப், ராயபுரம் பக்கம் ஆடுபவர்கள், பசங்களுக்குக் கற்றுக்கொடுப்பவர்கள், டோர்னமென்ட்டில் ஸ்கோரர் மேசையில் உட்காருபவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதியது. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆட்டம் நடக்கும்போதும் முடிந்த கையோடும் என்பிஏவின் சொந்தத் தளம். உட்கார்ந்து படிக்க பாஸ்கட்பால் ரெஃபரன்ஸ் என்ற புள்ளிவிவரத் தளம். விளையாட்டுச் செய்தித் தளங்களும் இதே எண்களைத்தான் போடுகின்றன, ஆனால் சுருக்கி. ஸ்கோர் தெரிந்தால் போதும் என்பவருக்கு அவை போதும்.

முதலில் என்பிஏ தளம். ஒரு ஆட்டத்தைத் திறந்து 'பாக்ஸ் ஸ்கோர்' பகுதிக்குப் போனால் வழக்கமான அட்டவணை வரும்: நிமிடம், ஃபீல்ட் கோல் (ஃப்ரீ த்ரோ தவிர்த்த ஷாட்), த்ரீ (மூன்று பாயிண்ட் ஷாட்), ஃப்ரீ த்ரோ, இரண்டு வகை ரீபவுண்ட் (தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிப்பது; தன் அணியின் ஷாட் என்றால் ஆஃபென்ஸிவ்), அசிஸ்ட் (கூடைக்கு வழி விட்ட பாஸ்), ஸ்டீல் (பந்தைப் பறித்தது), பிளாக் (ஷாட்டைத் தடுத்தது), டர்ன்ஓவர் (பந்தைத் தொலைத்தது), ஃபவுல், பாயிண்ட், பிளஸ்-மைனஸ். பெரும்பாலானோர் இதோடு திரும்பிவிடுகிறார்கள். மேலே இருக்கும் பட்டியலைத் திறந்தால் அட்வான்ஸ்டு, ஃபோர் ஃபாக்டர்ஸ், யூஸேஜ், டிராக்கிங், ஹஸில், மேட்ச்அப் என்று தனித்தனி அட்டவணைகள் இருக்கின்றன. ஆனால் இந்தத் தளத்துக்குப் போகச் சொல்வதற்குக் காரணம் அது இல்லை. இங்கே எண்ணையே தொடலாம். பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தும் ஒரு பாயிண்ட் கார்டுக்கு 5 டர்ன்ஓவர் என்று இருந்தால், அந்த 5-ஐத் தொட்டால் அந்த ஐந்து தவறும் வரிசையாக வீடியோவாக ஓடும். ட்ராப் வந்ததும் (இருவர் சேர்ந்து மடக்கியதும்) பந்தைத் தலைக்கு மேல் தூக்கினாரா, பிக் அண்ட் ரோலில் (சக வீரர் தடுப்பவரை மறித்துவிட்டுக் கூடைக்கு ஓடும்போது) பாஸைத் தாமதப்படுத்தினாரா என்று கண்ணால் பார்க்கலாம். பயிற்சி கொடுப்பவருக்கு இதைவிடப் பெரிய இலவச உதவி வேறில்லை. கணினியிலோ, போன் பிரவுசரில் டெஸ்க்டாப் தோற்றத்திலோ திறப்பது நல்லது; சின்னத் திரையில் கடைசி நெடுவரிசைகளுக்கு விரலால் இழுத்துக்கொண்டே போக வேண்டும். வீடியோ டேட்டாவைத் தின்னும், அட்டவணை அப்படி இல்லை.

டிராக்கிங் எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்துகொள்வது நல்லது. 2013-14 சீசனிலிருந்து எல்லா அரங்கங்களிலும் கேமராக்கள் வீரர்களையும் பந்தையும் தொடர்கின்றன. 2023-24 முதல் அந்த வேலையைச் செய்வது ஹாக்-ஐ. கிரிக்கெட்டில் எல்பிடபிள்யூ முடிவுக்குப் பார்க்கிறோமே, அதே நிறுவனம். ஓடிய தூரம், வேகம், எத்தனை முறை பந்து கையில் பட்டது எல்லாம் இதிலிருந்து வருபவை. பார்க்க ஜோராக இருக்கும். நம் ஊர்க் கோர்ட்டில் இதில் எதையும் அளக்க முடியாது, அதனால் அதிகம் மெனக்கெட வேண்டாம். அதற்குப் பதில் ஹஸில் அட்டவணையைப் பாருங்கள்: பாஸில் கை வைத்துத் தட்டிவிட்டது, தரையில் உருண்ட பந்தைப் பிடித்தது, சார்ஜ் வாங்கியது (மோத வருபவர் முன் நின்று ஃபவுல் பெற்றது), ஸ்க்ரீன் போட்டு (தடுப்பவரை மறித்து நின்று) ஒரு கூடைக்கு வழி விட்டது. இவை ஒரு பேனாவும் தாளும் இருந்தால் வியாசர்பாடியிலும் எண்ணக்கூடியவை. பாயிண்ட் போடாத பையன் ஆட்டத்துக்கு என்ன செய்தான் என்று காட்ட இதுதான் வழி.

குறை என்னவென்றால், காலையில் பார்க்கும் எண் இறுதியானது இல்லை. ஆட்டம் முடிந்த பிறகும் லீக் அலுவலகம் வீடியோவைப் பார்த்துத் திருத்தும். 2023 மார்ச் 5 அன்று வாஷிங்டனுக்கு எதிராக மில்வாக்கியின் யானிஸ் ஆன்டெடகூன்போவுக்கு 23 பாயிண்ட், 13 அசிஸ்ட், 10 ரீபவுண்ட் என்று டிரிபிள்-டபுள் (மூன்று எண்களும் இரட்டை இலக்கம்) போட்டிருந்தார்கள். கடைசி நொடிகளில் அவரே பந்தை ரிம்மில் மெல்லத் தட்டிவிட்டு, அவரே பிடித்திருந்தார். மறுநாள் லீக் அதை ஷாட்டே இல்லை என்று சொல்லிவிட்டது. ரீபவுண்ட் 9 ஆனது, டிரிபிள்-டபுள் போனது. எனவே ஃபேன்டஸி ஆடுபவர்களும், எண்ணை வைத்து வாட்ஸ்அப் குரூப்பில் சண்டை போடுபவர்களும் ஒரு நாள் பொறுப்பது நல்லது. அதே ஆண்டு ஜனவரியில், மெம்ஃபிஸ் அணியின் ஜேரன் ஜாக்சன் ஜூனியருக்குச் சொந்த ஊர் ஸ்கோரர்கள் பிளாக்கையும் ஸ்டீலையும் வாரி வழங்குகிறார்கள் என்று இணையத்தில் ஒரு பெரிய புகார் கிளம்பியது. லீக் அந்த எண்களைச் சரி என்றே சொன்னது. அந்த விவகாரம் எப்படி ஓய்ந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது: ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் வீடியோ இருந்ததால், சந்தேகப்பட்டவர்களே ஒவ்வொன்றாகத் திறந்து சரிபார்க்க முடிந்தது.

இன்னொரு புதிய சிக்கல்: வீரர்களின் எண்களைக் கூட்டினால் அணியின் எண் வராமல் போகலாம். 2025-26 சீசனிலிருந்து, முதல் மூன்று குவார்ட்டர்களின் கடைசி 3 விநாடிக்குள் 36 அடிக்கு அப்பாலிருந்து எறிந்து தவறிய ஷாட், வீரர் கணக்கில் சேராது, அணிக் கணக்கில் மட்டும் சேரும். தன் சராசரி கெட்டுவிடும் என்று வீரர்கள் பஸ்ஸர் அடித்த பிறகு எறிவது போல நடிப்பதை நிறுத்தத்தான் இந்த ஏற்பாடு. ரீபவுண்டிலும் இதே கதை பழைய காலத்திலிருந்தே உண்டு. ஷாட் தவறி, யார் கையிலும் சிக்காமல் பந்து வெளியே போனால் அது டீம் ரீபவுண்ட். எந்த வீரரின் வரியிலும் இருக்காது. கூட்டல் தப்பு என்று அவசரப்படாதீர்கள்.

இனி பாஸ்கட்பால் ரெஃபரன்ஸ். பார்க்க அழகாக இருக்காது. விளம்பரம் இருக்கும். ஆட்டம் நடக்கும்போது இங்கே வந்து பயனில்லை, முடிந்த பிறகுதான் வர வேண்டும். ஆனால் ஒரே பக்கத்தில், மேலிருந்து கீழாக, ஒரு ஆட்டத்தை முழுதாகப் படிக்க இதைவிடச் சிறந்த தாள் கிடையாது. மேலே குவார்ட்டர் வாரி ஸ்கோர். அதன் கீழே ஃபோர் ஃபாக்டர்ஸ். பிறகு சாதாரண அட்டவணை, அட்வான்ஸ்டு அட்டவணை, ஆடாதவர்கள் பட்டியல், நடுவர்கள் பெயர். முதல் பாதி மட்டும், மூன்றாவது குவார்ட்டர் மட்டும் என்று பிரித்தும் பார்க்கலாம். எந்த அட்டவணைக்கும் மேலே இருக்கும் 'ஷேர் அண்ட் எக்ஸ்போர்ட்' வழியாக எக்ஸெல் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். சிக்கலான தேடலுக்கு ஸ்டாட்ஹெட் என்ற கட்டணச் சேவை இருக்கிறது. ஒரு ஆட்டத்தைப் படிக்க அது வேண்டவே வேண்டாம்.

இந்தப் பக்கத்தைத் திறந்ததும் யார் எத்தனை பாயிண்ட் என்று பார்க்கும் பழக்கத்தை விட்டுவிட்டு, ஃபோர் ஃபாக்டர்ஸ் பெட்டியிலிருந்து தொடங்குங்கள். ஆய்வாளர் டீன் ஆலிவர் வகுத்த நான்கு காரணங்கள் இவை: ஷாட் விழுந்த தரம், பந்தைத் தொலைத்தது, ஆஃபென்ஸிவ் ரீபவுண்ட், ஃப்ரீ த்ரோ. அவர் கொடுத்த எடை ஏறக்குறைய 40, 25, 20, 15 சதவீதம். இந்தச் சின்னப் பெட்டியே ஆட்டம் ஏன் அப்படி முடிந்தது என்பதில் பெரும்பகுதியைச் சொல்லிவிடும். கீழே இருக்கும் வீரர் வரிகள் அதற்கு விளக்கம்.

ஷாட் தரத்துக்கு இரண்டு அளவுகள். எஃபெக்டிவ் ஃபீல்ட் கோல் சதவீதம் என்பது, விழுந்த ஷாட்களோடு விழுந்த த்ரீகளில் பாதியைக் கூட்டி, மொத்தம் எறிந்ததால் வகுப்பது. ட்ரூ ஷூட்டிங் ஃப்ரீ த்ரோவையும் சேர்த்துக்கொள்ளும்: ஃப்ரீ த்ரோ எண்ணிக்கையை 0.44 ஆல் பெருக்கி, எறிந்த ஷாட்களோடு கூட்டி, அதை இரட்டிப்பாக்கி, பாயிண்டை அதனால் வகுக்க வேண்டும். 0.44 எதற்கு? எல்லா ஃப்ரீ த்ரோவும் இரண்டிரண்டாக வருவதில்லை. கூடையும் விழுந்து ஃபவுலும் கிடைத்தால் ஒன்று, த்ரீயில் ஃபவுல் என்றால் மூன்று, டெக்னிக்கல் ஃபவுலுக்குத் தனி. இதெல்லாம் கலந்த சராசரிதான் பாதிக்குச் சற்றுக் குறைவாக வருகிறது.

இந்தக் கணக்கு எதற்கு உதவும் என்பதற்கு இரண்டு 60 பாயிண்ட் ஆட்டங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2016 ஏப்ரல் 13, கோபி பிரயன்டின் கடைசி ஆட்டம், யூட்டாவுக்கு எதிராக: 50-க்கு 22, அதில் த்ரீ 21-க்கு 6, ஃப்ரீ த்ரோ 12-க்கு 10. அதே ஆண்டு டிசம்பர் 5, இந்தியானாவுக்கு எதிராக க்ளே தாம்சன்: 33-க்கு 21, த்ரீ 14-க்கு 8, ஃப்ரீ த்ரோ 11-க்கு 10, அதுவும் 29 நிமிடத்தில். பாயிண்ட் கட்டத்தில் இரண்டும் 60 தான். ட்ரூ ஷூட்டிங் போட்டால் கோபிக்கு 54.3, தாம்சனுக்கு 79.3. கோபி ரசிகர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அவருடைய 2006 ஜனவரி 22 ஆட்டம், டொராண்டோவுக்கு எதிரான 81, இதே அளவில் 73.9 வருகிறது. 46 ஷாட், 20 ஃப்ரீ த்ரோ என்ற சுமையோடு அந்தத் தரம் என்பது மிரட்டல்.

அணி வரி என்ன சொல்லும் என்பதற்கு 2018 மே 28, ஹூஸ்டன் மைதானத்தில் நடந்த, வெஸ்டர்ன் கான்ஃபரன்ஸ் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம். பாதி முடிவில் ஹூஸ்டன் 54-43 முன்னிலை. முடிவில் கோல்டன் ஸ்டேட் 101-92. ஹூஸ்டனின் த்ரீ 44-க்கு 7. நடுவில் தொடர்ந்து 27 த்ரீ தவறின. தோல்வி 9 பாயிண்டில். அந்த 27-ல் மூன்று விழுந்திருந்தால் கணக்கு சமம். இதை விளக்க எந்த வீரரின் வரியும் தேவைப்படவில்லை.

பழைய ஆட்டங்களைத் தேடுபவர்கள் வெற்றுக் கட்டங்களைப் பார்த்துத் தளம் பழுது என்று நினைக்கக்கூடும். ஸ்டீல், பிளாக், ஆஃபென்ஸிவ் ரீபவுண்ட் மூன்றையும் என்பிஏ அதிகாரபூர்வமாக எண்ணத் தொடங்கியது 1973-74-ல். வீரர் வாரியாக டர்ன்ஓவர் 1977-78-ல். த்ரீ கோடே 1979-80-ல்தான் வந்தது. அதனால் 1962 மார்ச் 2 அன்று வில்ட் சேம்பர்லின் 100 பாயிண்ட் எடுத்த ஆட்டத்தில் 63-க்கு 36, ஃப்ரீ த்ரோ 32-க்கு 28, 25 ரீபவுண்ட் என்பது தெரியும். எத்தனை பிளாக் என்பது எந்தத் தளத்திலும் கிடைக்காது.

இந்தத் தளத்தில் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாதவை இரண்டு. ஒன்று, ஒரே ஆட்டத்தின் பிளஸ்-மைனஸ். அது அந்த வீரர் கோர்ட்டில் இருந்தபோது இரு அணிகளுக்கும் இடையிலான வித்தியாசம் மட்டுமே. எதிரணியின் ஐந்து முதன்மை வீரர்களும் பெஞ்சில் இருந்தபோது இறங்கி பிளஸ் 12 வாங்கியவர் நன்றாக ஆடினார் என்று பொருள் இல்லை. இரண்டு, வீரரின் டிஃபென்ஸிவ் ரேட்டிங் எனும் தடுப்பாட்ட மதிப்பெண். பாக்ஸ் ஸ்கோரில் தடுப்பாட்டத்தைப் பற்றிய தகவல் குறைவு என்பதால், அந்த எண் பெரும்பாலும் அணியின் தடுப்பாட்டத்தையே திருப்பிச் சொல்கிறது. ஐந்து பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே எண் வருவது அதனால்தான். இதை வைத்து இவர் நல்ல டிஃபெண்டர், அவர் மோசம் என்று பேசுவது வீண்.

பாக்ஸ் ஸ்கோர் எப்போது என்பதையும் சொல்லாது. 2016 ஜூன் 19, கிளீவ்லேண்ட் 93-89 என்று பட்டம் வென்ற ஏழாவது ஆட்டத்தில் லெப்ரான் ஜேம்ஸின் வரி 27 பாயிண்ட், 11 ரீபவுண்ட், 11 அசிஸ்ட், 3 பிளாக். எதிரணியான கோல்டன் ஸ்டேட்டின் இகுடாலா கூடைக்கு அருகே ஓடிப்போய்ப் போட்ட லே-அப்பைப் பின்னாலிருந்து ஓடிவந்து தடுத்ததும் அந்த 3-ல் ஒன்றாகத்தான் உட்கார்ந்திருக்கிறது. 89-89 என்று நாலு நிமிடத்துக்கு அருகே யாருமே கூடை போடாமல் கிடந்தது அட்டவணையில் எங்கும் இல்லை. அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் 'ப்ளே-பை-ப்ளே' பகுதியைத் திறக்க வேண்டும். இரண்டு தளங்களிலும் 1996-97 முதல் அது இருக்கிறது.

சரி, இதையெல்லாம் நம் கோர்ட்டுக்கு எப்படிக் கொண்டுவருவது? இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். நம் டோர்னமென்ட்களில் பயன்படும், சர்வதேசக் கூட்டமைப்பான ஃபீபாவின் ஸ்கோர்ஷீட்டில் விழுந்த பாயிண்டும் ஃபவுலும் டைம்-அவுட்டும்தான் ஏறும். தவறிய ஷாட்டுக்கு அதில் இடமே இல்லை. ரீபவுண்ட், அசிஸ்ட், டர்ன்ஓவரும் கிடையாது. எனவே ஸ்கோர்ஷீட்டை வைத்து ஷூட்டிங் சதவீதம் போட முடியாது. தனித் தாளும் தனி ஆட்களும் வேண்டும். ஒருவர் கண்ணைக் கோர்ட்டிலிருந்து எடுக்காமல் 'நாலாம் நம்பர், ரெண்டு, மிஸ், ஏழாம் நம்பர் ரீபவுண்ட்' என்று சொல்லிக்கொண்டே இருக்க, இன்னொருவர் குனிந்த தலை நிமிராமல் குறிக்க வேண்டும். ஒரே ஆள் இரண்டையும் செய்தால் ஃபாஸ்ட் பிரேக் வரும்போதெல்லாம் ஏதாவது ஒன்று விட்டுப்போகும், பெரும்பாலும் டர்ன்ஓவர்தான்.

வழக்கமாக வரும் தப்புகள் சில. ஷாட்டில் ஃபவுல் வாங்கி, பந்து விழாவிட்டால் அதை மிஸ் என்று குறிக்கக் கூடாது. அது ஷாட் கணக்கிலேயே சேராது. விழுந்தால் மட்டும் சேரும். பிளாக் குறிக்கும்போது எறிந்தவருக்கு ஒரு மிஸ்ஸும், பந்தை எடுத்தவருக்கு ஒரு ரீபவுண்டும் சேர்த்துக் குறிக்க வேண்டும்; பிளாக்கை மட்டும் போட்டுவிட்டு மற்ற இரண்டையும் விடுவதுதான் அதிகம் நடக்கிறது. ரிம்மில் படாத ஏர்பாலுக்கும் ரீபவுண்ட் உண்டு. இரண்டு ஃப்ரீ த்ரோவில் முதலாவது தவறினால் யாருக்கும் ரீபவுண்ட் இல்லை. ஷாட் க்ளாக் முடிந்தால் அது அணியின் டர்ன்ஓவர், கடைசியாகப் பந்து வைத்திருந்த பையன் தலையில் கட்டக் கூடாது.

தாள் சரியா என்று பார்க்க என்பிஏ பாக்ஸ் ஸ்கோருக்குப் பொருந்தும் அதே சோதனைகள் போதும். விழுந்த ஷாட்டை இரண்டால் பெருக்கி, த்ரீயையும் ஃப்ரீ த்ரோவையும் கூட்டினால் அணியின் பாயிண்ட் வர வேண்டும். வீரர்களின் நிமிடங்களைக் கூட்டினால் என்பிஏவில் 240, ஃபீபா ஆட்டத்தில் 200. பிளஸ்-மைனஸ் போட்டிருந்தால் அணியின் மொத்தம், வெற்றி வித்தியாசத்தைப் போல ஐந்து மடங்கு. 9-ல் ஜெயித்தால் 45. கடைசியாக பொசஷன் (ஓர் அணியின் கையில் பந்து எத்தனை முறை வந்து போனது என்ற) கணக்கு: எறிந்த ஷாட்டிலிருந்து ஆஃபென்ஸிவ் ரீபவுண்டைக் கழித்து, டர்ன்ஓவரைக் கூட்டி, ஃப்ரீ த்ரோவில் 0.44 பங்கைக் கூட்டுவது. உதாரணத்துக்கு ஓர் அணி 70 ஷாட், 12 ஆஃபென்ஸிவ் ரீபவுண்ட், 18 டர்ன்ஓவர், 20 ஃப்ரீ த்ரோ என்றால் 84.8. எதிரணி 64 ஷாட், 8, 20, 24 என்றால் 86.6. பந்து மாறி மாறித்தான் போகும் என்பதால் இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் வர வேண்டும். வித்தியாசம் நாலைத் தாண்டினால் யாரோ டர்ன்ஓவரையோ ரீபவுண்டையோ கோட்டை விட்டிருக்கிறார்கள்.

பொசஷன் கிடைத்துவிட்டால், பாயிண்டை அதனால் வகுத்து நூறால் பெருக்கி ஒப்பிடுங்கள். 48 நிமிட என்பிஏ ஆட்டத்தின் 115 பாயிண்டையும், 40 நிமிடத்தில் நம் பசங்க எடுத்த 72-ஐயும் நேராக வைத்துப் பார்ப்பதில் அர்த்தம் இல்லை. த்ரீ கோடும் வேறு: அங்கே நடுவில் 7.24 மீட்டர், மூலையில் 6.71, இங்கே 6.75, மூலையில் அதைவிடச் சற்றுக் குறைவு. என்பிஏ அணிகள் அத்தனை மூலை த்ரீ எறிவதற்கு அந்த அரை மீட்டர் ஒரு காரணம். நமக்கு அந்தச் சலுகை அவ்வளவு பெரிதில்லை. அசிஸ்ட்டை மட்டும் எந்த வகையிலும் ஒப்பிட வேண்டாம். ஃபீபா விதிப்படி, பாஸ் வாங்கியவர் ஷாட்டில் ஃபவுல் வாங்கி ஒரு ஃப்ரீ த்ரோவையாவது போட்டால் பாஸ் கொடுத்தவருக்கு அசிஸ்ட் உண்டு. என்பிஏவில் அது கிடையாது. உள்ளே புகுந்து பெரிய ஆளுக்குப் பந்து கொடுக்கும் பாயிண்ட் கார்டுக்கு இதனால் ஒரு ஆட்டத்தில் சில அசிஸ்ட் கூடலாம், குறையலாம். எந்த விதியில் எண்ணினீர்கள் என்பதைத் தாளின் தலைப்பிலேயே எழுதி வையுங்கள்.